ஒரு நூல் ஏற்றம்

அயனாவரம் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில்
மூன்று நாற்காலி, ஒன்றரைக் கண்ணாடி,
முனகிக்கொண்டே சுற்றும் ஒரு ஃபேன்.
இருபத்தாறு வருஷமாய் இதுதான் என் சலூன்.
செவ்வாய் விடுமுறை.

எல்லாக் கட்சித் தலையும் இங்கே குனிந்திருக்கிறது.
வெள்ளைத் துணியைக் கழுத்துவரை போர்த்திவிட்டால்
வேட்டியின் கரை என்ன நிறமென்று
எனக்கும் தெரியாது, கண்ணாடிக்கும் தெரியாது.
தொண்டைக்குழியில் கத்தி இறங்கும்போது
யாரும் கொள்கை பேசுவதில்லை.

ஓட்டுப் பதிவுக்குப் பதினோரு நாள் இருக்கையில்
வேட்பாளர் வந்தார்.
முன்னால் கேமரா, பின்னால் தாரை தப்பட்டை.
"தம்பி, கத்தியைக் கொடு" என்றார்.
கொடுத்தேன். கூட்டம் அப்படி.
நாற்காலியில் இருந்தவர் கேரேஜ் ஒர்க்ஸ் ஃபிட்டர் திருவேங்கடம்.
பாதி முகம் நுரையோடு
எழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல்
கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.
கத்தி தோலைத் தொடவேயில்லை.
படம் மட்டும் விழுந்தது.

விடிவதற்குள் என் கடைக்கு
நானூற்றுச் சொச்சம் பேர் வந்துபோயிருந்தார்கள்.
டில்லிபாபு போனில் படித்துக் காட்டினான்.

"துருப்பிடித்த பிளேடு. எனக்குச் சீழ் வைத்தது."
ஒரு ஸ்டார். எழுதியவருக்கு ஊர் ஓசூர்.
"இவனிடம் தலையைக் கொடுப்பது இனத்துக்கே அவமானம்."
ஒரு ஸ்டார்.
"துரோகி." அதற்கும் ஒரு ஸ்டார்;
அதற்குக் கீழே போட வழியில்லையாம்.

மறுநாள் மற்றவர்கள் கிளம்பினார்கள்.
"உலகத் தரம். ஏசி குளிர் அபாரம்." ஐந்து ஸ்டார்.
என் கடையில் ஏசி கிடையாது.
"குடும்பத்தோடு போனோம், பிரியாணி பிரமாதம்."
டில்லிபாபு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
நானும் சிரித்தேன்,
வெள்ளிக்கிழமை வரைக்கும்.

வெள்ளிக்கிழமை ஒரு அம்மா
பையனைப் பலகைமேல் ஏற்றி உட்காரவைத்துவிட்டு
போனைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.
"பிளேடு புதுசுதானே?"
தாளோடு அவள் கண்ணெதிரே இரண்டாய் ஒடித்தேன்.
டக்.
இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை
நான் யாருக்கும் சாட்சியாய்க் காட்டியதில்லை.
அவள் பையனை இறக்கிக் கூட்டிப்போனாள்.

ராத்திரி பெருக்கும்போது நின்று பார்த்தேன்.
நானூறு தலை.
அதில் ஒரு மயிர்கூட
என் தரையில் விழுந்திருக்கவில்லை.

கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பையன் வந்தான்.
"அண்ணே, நூறு ஸ்டார் எட்டாயிரம்.
எந்த ஊர்ப் பேர், எந்தச் சாதிப் பேர், சொல்லுங்க,
சந்தேகம் வராம கலந்து தர்றோம்."
அவனுக்கு டீ சொன்னேன்.
பிடரியில் முடி வளர்ந்திருந்தது,
"உட்காரு, எடுத்துவிடறேன்" என்றேன்.
நேரமில்லை என்றான்.

வேட்பாளர் ஜெயித்தாரா தோற்றாரா,
அது வேறு கணக்கு.
இந்தச் சந்துக்கு அப்புறம் வரவில்லை.

மழை பெய்து ஆளில்லாத ஒரு மத்தியானம்
டில்லிபாபு எங்கோ அடியில் ஒன்றைத் தோண்டி எடுத்தான்.
"காத்திருப்பு அரைமணி. இடது கிருதா ஒரு நூல் ஏற்றம்.
ஃபேனுக்கு எண்ணெய் விடவும்."
மூன்று ஸ்டார். திருவேங்கடம்.

முதலில் கோபம்தான் வந்தது.
மறுபடி படிக்கச் சொன்னேன்.
இன்னொருமுறை.
வேட்பாளர் கையிலிருந்து கத்தி திரும்பி வந்தபோது
பிடி ஈரமாய் இருந்தது.
வழுக்கியது. எனக்கு ஞாபகம் இருக்கிறது.
ஒரு நூல். சரியாகத்தான் அளந்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே ஸ்டூல் போட்டு ஏறி
ஃபேனுக்கு எண்ணெய் விட்டேன்.

அடுத்த மாதம் அவர் வந்தார்.
வழக்கம்போல எதுவும் பேசவில்லை,
நானும் எதுவும் கேட்கவில்லை.
சீப்பைக் குறுக்கே பிடித்து
இரண்டு கிருதாவையும் இரண்டுமுறை பார்த்தேன்.
துணியை உதறினேன்.
அவர் கண்ணாடிக்குக் கிட்டே போனார்.
முகத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.
"இப்போ வலதுதான் லேசா…" என்றார்.

நாற்காலியைத் தட்டினேன்.
"உட்காருங்க."